கேட்பதும் மாற்றுவதும்

வல்லக்கோட்டையில் அக்கா மகன் ஒரு அறையில் இருக்கிறான், ஒரகடத்தில் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கதை ஆட்டம் ஆடுகிறான். 1974இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். கோட்டைக்குப் போக கோயில் தெரு, ஏரிக்கரை என்று ரெண்டு வழி. "என்ன பண்றீங்க மாமா?" என்றான். சின்ன வயசில் நமக்கு விதித்தது ஏரிக்கரைதான். கோயில் தெரு என்றேன். காவல்காரன் மறித்தான். ஏரிக்கரையில் போயிருந்தால்?

"அங்கயும் அவன்தான் நிப்பான் மாமா. கதை அப்படி."

சுருக்கென்றது. பரமபதத்தில் எல்லாம் தாயக்கட்டைதான். பாம்பு கடித்தால் கர்மவினை என்பார்கள். அது கொடுமைதான், ஆனால் நம்மைக் கேட்பதாக நடிப்பதில்லை. இவன் கம்பெனியில் ஓவர்டைமுக்கு 'என் விருப்பத்தின் பேரில்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. கேட்டார்களா என்பதா உரிமை? நாம் சொன்னதால் எது மாறியது என்றல்லவா பார்க்கணும்!

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஏரிக்கரைக் காவல்காரனைப் பேனாவால் அடித்தான்.

"கோயில் தெருவுல இருக்கறவன்?" என்றேன்.

"அவன் நிக்கட்டும் மாமா. அவனை என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்க."