நிழல் தந்தவருக்கு நாம் பட்ட கடன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு அருகே சகுவாரோ தேசியப் பூங்கா இருக்கிறது. 1933-ல் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டு, 1994-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பாலைவனம் அது. அங்கே கால் மைல் நீளத்தில் ஒரு நடைபாதை உண்டு. பாலைவனத்து உயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதை ஓரத்துப் பலகைகள் விளக்குகின்றன. பூமியில் சென்று படைப்பைக் கவனிக்குமாறு திருமறை நம்மை ஏவுகிறது. அவ்விதம் கவனித்து நடப்போருக்கு இந்தக் கால் மைலிலும் படிப்பினை உண்டு.

அந்நிலத்துச் சகுவாரோ கள்ளி 40 அடிக்கு மேலும் வளரும். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால் முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன பின்பும் அதன் உயரம் ஒன்றரை அங்குலந்தான். கோடை வெயிலும் குளிர்கால உறைபனியும் அந்தப் பிஞ்சைக் கொன்றுவிடும். பாலோ வெர்டே என்னும் பச்சைப்பட்டை மரத்தின் அடியிலோ, நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரத்தின் அடியிலோ முளைத்தவையே பெரும்பாலும் பிழைக்கின்றன. அம்மரத்தைச் செவிலி மரம் என்கின்றனர்.

பிற்பாடு நடப்பதுதான் சிந்திக்கத்தக்கது. வளர்ந்த கள்ளியின் வேர்கள் மேல்மண்ணில் அகலப் பரவி மழைநீரை உறிஞ்சிக்கொள்கின்றன. நிழல் தந்த மரம் நாளடைவில் வாடி மடிவதும் உண்டு.

கள்ளியைக் குற்றம் சொல்லலாமா? கூடாது. அதற்கு நினைவில்லை. மனிதனுக்கு நினைவிருக்கிறது, ஆகவே கேள்வியும் உண்டு.

வியாபாரிகளாகிய நம்மில் எத்தனையோ பேர் ஒரு முதலாளியின் நிழலில் வளர்ந்தவர்கள். ஊரிலிருந்து வந்த சிறுவனுக்குச் சோறும் படுக்க இடமும் தந்து, தராசு பிடிக்கவும் கணக்கெழுதவும் பழக்கியவர் அவர். அச்சிறுவன் ஆளாகி அதே வீதியில் தனிக்கடை வைப்பது தவறா? தவறில்லை. ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ். ஆனால், முதலாளியின் பற்றுவரவு ஏட்டில் கண்ட பெயர்களை மனத்தில் ஏந்திச் சென்று, அந்த வாடிக்கைக்காரர்களை இழுப்பது அமானித மோசடி. அவர் நொடித்த காலத்தில் முகம் திருப்பிக்கொள்வது நன்றிகேடு.

“நான் இன்று பத்துப் பேருக்கு நிழல் தருகிறேன், கடன் தீர்ந்தது” என்று சிலர் சமாதானம் சொல்வர். சகுவாரோவும் அப்படித்தான், அதன் உடலில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் பின்னர் ஆந்தை குடியிருக்கிறது. நல்ல காரியமே. ஆயினும், ஒருவரிடம் பட்ட கடனை வேறொருவருக்குக் கொடுத்து வரவு வைக்க எந்தக் கணக்கப்பிள்ளை சம்மதிப்பார்? கடன் முந்தியது, தர்மம் அதற்குப் பிந்தியது. நிழல் தந்தவர் உயிரோடிருந்தால் அவருக்கும், மறைந்துவிட்டால் அவர் குடும்பத்தாருக்கும் செய்யவேண்டியதை முதலில் செய்வோம். எவருமே இல்லாதபோது, அவருக்காக துஆச் செய்து, பிறருக்கு நிழலாவோம்.

மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவனே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நிழலை மறவாத நெஞ்சை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.