அகம் புறமாகும் வேளை

உள்ளத்தில் இருப்பதும் சொல்லில் வருவதும் ஒன்றாதலே சான்றாண்மை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கற்றோரும் கல்லாதோரும் இதனை ஒருங்கே ஒப்புவர். ஆயினும் வாழ்க்கையில் நாம் காண்பது வேறு. நோயுற்ற தாய், தொலைவில் பணிபுரியும் மகன் கலங்குவானே என்று தன் நோயை மறைக்கிறாள். வேலையை இழந்த மகன், ஊரிலிருக்கும் பெற்றோரிடம் ‘இங்கு அனைவரும் நலம்’ என்கிறான். இவ்விருவரும் பொய்யர்தாமா? அன்பு காரணமாக ஒன்றை உள்ளே வைத்திருத்தல் குற்றமா? அன்றி, எல்லாவற்றையும் எக்காலத்தும் வெளியிடுதல்தான் வாய்மையா? ஊரைப் பிரிந்து, பிறமொழி வழங்கும் நகரங்களில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று, அன்றாடம் எதிர்ப்படுவது.

இதனை ஆராயுமுன், நம் குருதியில் ஓடும் உயிரணுக்களைச் சற்றே நோக்குவோம். உயிரணு அறம் உரைக்க வந்த ஆசான் அன்று. அதற்கு நாணமும் இல்லை, நேர்மையும் இல்லை. ஆயினும் அகம், புறம் என்னும் பாகுபாடு உயிர்வாழ்வில் எத்துணை ஆழமாக வேரோடியுள்ளது என்பதை அது காட்டும். நாம் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளும் சிலவற்றை வேறுபிரித்துணரவும் அது துணைசெய்யும்.

1925-ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் ஆய்வாளர் இருவர், சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பினர். அப்படலம் அவ்வணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரந்தது. எனவே உயிரணுவைப் போர்த்தியிருக்கும் சவ்வு ஈரடுக்கால் ஆனது எனத் துணிந்தனர். அவ்வீரடுக்கும் ஒரு தன்மையன அல்ல என்னும் கருத்தை 1972-இல் கேம்பிரிட்ஜ் நகரின் மார்க் பிரெட்ஷர் வெளியிட்டார். மறு ஆண்டே, உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள், சிவப்பணு சிதையாவண்ணம் அதன் வெளியடுக்கை மட்டும் நொதிகளால் கரைத்துப் பார்த்து அதனை உறுதிசெய்தனர். பாஸ்ஃபாட்டிடைல் செரின் என்னும் கொழுப்பு மூலக்கூறு ஏறக்குறைய முழுவதும் உள்ளடுக்கிலேயே அடங்கியிருக்கக் கண்டனர். ஆக, நலமாக வாழும் உயிரணுவின் உள்ளும் புறமும் ஒன்றல்ல.

இவ்வேறுபாடு தானே நிலைத்திருப்பதுமன்று. உள்ளிருக்கும் மூலக்கூறு அவ்வப்போது வெளியே நழுவும். நழுவியதை மீண்டும் உட்புறமாகத் திருப்பிவைக்கும் புரதங்கள் சவ்வில் உண்டு. அவை இப்பணிக்கு உயிரணுவின் ஆற்றலைச் செலவிடுகின்றன என்பதை 1984-இல் பாரிஸ் நகரில் சென்யூரே, தெவோ என்பவர்கள் சிவப்பணுக்களில் காட்டினர். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை. குளுக்கோசைச் சிதைத்துப் பெறும் சிற்றாற்றலே அதன் கைப்பொருள். அவ்வெளிய வருவாயிலிருந்தும் ஒரு பங்கை, தன் வாழ்நாளான ஏறத்தாழ 120 நாளும், அகத்தை அகமாகக் காப்பதற்கென்றே அது ஒதுக்குகிறது. அடக்கம் என்பது ஒன்றும் செய்யாது வாளாவிருத்தல் அன்று, ஓயாத உழைப்பு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது.

இங்ஙனம் காக்கப்பட்ட அகம் புறமாக மாறும் வேளைகள் இரண்டு. ஒன்று, புண் நேர்ந்த வேளை. குருதிக்குழாய் அறுபட்டதும் தட்டணுக்கள் அங்கே திரள்கின்றன. அவற்றினுள் கால்சியம் பெருகுகிறது; சவ்வில் ஒரு வழி திறக்கிறது; உள்ளடுக்கில் இருந்த பாஸ்ஃபாட்டிடைல் செரின் வெளியே வருகிறது. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் கால்சியத்தின் துணையோடு அதன்மேல் வந்தமர்கின்றன. தனித்து மிக மெதுவாக நடக்கும் வினை, அவ்விடத்தில் பல்லாயிரம் மடங்கு விரைவு பெறுகிறது. அவ்வழியைத் திறக்கும் புரதத்தை 2010-இல் ஜப்பானிய அறிஞர் நாகாதாவின் குழுவினர் இனங்கண்டனர்.

மற்றொன்று, இறப்பின் வேளை. தன் காலம் முடிந்த வெள்ளணு, தன்னைத்தானே ஒழுங்காக ஒடுக்கிக்கொண்டு மடிகிறது. மரத்தினின்று இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘அப்பாப்டோசிஸ்’ என 1972-இல் அதற்குப் பெயரிட்டனர். அவ்வாறு மடியும் அணு உள்ளிருந்த அதே மூலக்கூற்றை வெளியே காட்டுகிறது என்பதையும், விழுங்கணுக்கள் அதனைக் கண்டே வந்து அணுவை உட்கொள்கின்றன என்பதையும் 1992-இல் ஃபாடோக்கும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். முதுமையுற்ற சிவப்பணுவை மண்ணீரல் இனங்காண உதவும் குறிகளுள்ளும் இஃது ஒன்று.

குறி ஒன்றே, பொருள் இரண்டு. புண்ணின்மேல் அது ‘இங்கே வந்து கட்டுக’ என்கிறது. மடியும் அணுவின்மேல் ‘என்னை எடுத்துக்கொள்க’ என்கிறது. வெளிப்பாட்டின் பொருள் இடத்தாலும் வேளையாலும் அமைகிறது.

வேளை பிறழ்ந்தால் விளைவது என்ன? சிலருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறையாதிருந்தும், அகத்தைப் புறமாக்கும் அவ்வழி பிறவியிலேயே திறவாது. ஸ்காட் நோய்க்குறி எனப்படும் இவ்வரிய குறையுடையோர்க்குப் புண்பட்டால் குருதி எளிதில் நிற்பதில்லை. இதற்கு மறுதலையாக, அரிவாள் அணுச் சோகையில் சிவப்பணுக்கள் சில, புண்ணொன்றும் இல்லாமலே தம் அகத்தைப் புறத்தே காட்டித் திரிகின்றன. இந்நோய் நம் நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. காலமல்லாக் காலத்து நேரும் அவ்வெளிப்பாடு, குழாய்ச் சுவரில் அணு ஒட்டவும், வேண்டாத இடத்தில் குருதி உறையவும் துணைபோகிறது. 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் வியப்புக்குரியது. அகத்தைக் காக்கும் புரதங்களை இயங்கவிடாமற் செய்த அணுக்கள் உயிரோடிருந்தபோதே விழுங்கணுக்களுக்கு இரையாயின. வைரசுகள் சிலவோ இதே மூலக்கூற்றைத் தம்மேல் போர்த்துக்கொண்டு, மடிந்த அணுவின் வேடத்தில் உடலணுக்களுள் நுழைகின்றன. வெளியே காட்டுவதெல்லாம் வாய்மையன்று என்பது இதனாலும் பெறப்படும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். உள்ளும் புறமும் ஒன்றாதல் வேண்டும் என்னும் அறவுரையை, உள்ளிருப்பதையெல்லாம் வெளியே கொட்டவேண்டும் என்று பொருள்கொள்வது பொருந்தாது. அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று இலக்கண மரபு வகுத்துக்கொண்டவர்கள் நாம். பெயரை மறைத்தமையால் அப்பாடல்கள் பொய்யாகிவிடவில்லை. அலுவலகத்தில் பட்ட சிறுமையைக் குழந்தைகள் முன் கொண்டுவராத தந்தை பொய்யர் அல்லர். அவர் ஆற்றல் செலவிட்டு அகம் காக்கிறார்.

ஆயினும் அடக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புண் நேர்ந்த இடத்தில் அகம் புறமாதல் வேண்டும். காலத்தே அறிந்தால் மருத்துவம் பார்க்கக்கூடிய நோயைத் தாய் மறைப்பாளாயின், அவளது அன்பு மெய்யே. ஆயினும் அம்மறைப்பு திறவாத தட்டணுவை ஒத்தது. இரண்டு திங்கள் வருவாயின்மையை மகன் தானே தாங்குதல் பொறுப்பு. பெற்றோர் அவனை நம்பிக் கடன்பட்டு வீடு கட்டத் தொடங்கிய பின்னும் வாய்திறவாதிருத்தல் பொறுப்பாகாது.

வேளையை உறுதிசெய்வது யார் என்று கேட்கலாம். அணுவுக்குக் கால்சியம் அறிவிக்கிறது. நமக்கு அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை. மறைப்பவர் தாமே நடுவராகவும் இருப்பதால் தீர்ப்புப் பிழைக்கவும் கூடும். ‘அவர்கள் வருந்துவார்களே’ என்று நாம் சொல்லும்போது, ‘என்னைக் குறைவாக எண்ணுவார்களே’ என்னும் அச்சம் பலகால் அதனுள் ஒளிந்திருக்கிறது. ஆகவே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இம்மறைவு நாளை வெளிப்படும்போது, ‘நான் செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் தடுத்துவிட்டாயே’ என்று அவர் சொல்ல இடமுண்டா? இடமில்லையேல் அது அடக்கம். உண்டேல், பேசும் வேளை வந்துவிட்டது.

இறுதியாக, வெளிப்படுத்துவோர் கடமை ஒருபாதி எனின், ஏற்போர் கடமை மறுபாதி. மடியும் அணுவைக் காலத்தே ஏற்றுக்கொள்ளும் விழுங்கணு, வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களையும் சுரக்கிறது. சுற்றியுள்ள இழையில் அழற்சி எழுவதில்லை. ஏற்பாரின்றிக் கிடக்கும் அணுவோ, வெடித்துத் தன் உட்பொருளைச் சிந்தி அண்டையில் உள்ளவற்றையும் புண்படுத்துகிறது. ‘இதை ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்று சினந்து கேட்கும் வீட்டில், அடுத்த துன்பம் இன்னும் ஆழமாக ஒளிக்கப்படும். முதியோர் தம் இறுதிக் காலத்தில், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது, ‘அதெல்லாம் இப்போது எதற்கு?’ என்று வாயடைப்பதும் அத்தகையதே. அமர்ந்து கேட்பார் ஒருவர் இருந்தால் போதும். உள்ளே காத்துவைத்தது, எவரையும் புண்படுத்தாமல், உரியவர் கையில் சென்று சேரும்.