பாகாவுக்குத் திறந்த வாசல்

கொல்கத்தாவில் பல்லாண்டுகளாக வசித்துவரும் தமிழ் அன்பர் ஒருவர் ஒருமுறை பேலூர் மடத்திற்கு வந்திருந்தார். அவரது குடியிருப்பில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது, தாங்கள் வளர்த்த நாயை மாடிப்படியின் கீழேயே விட்டுச் சென்றுவிட்டது. அதன் உடல் முழுவதும் சொறி; விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அன்பரும் அவரது மனைவியும் உணவளித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரண்டு மாதங்களில் அதைத் தேற்றிவிட்டனர். ஆனால் அவர் மனத்தில் ஒரு கலக்கம். 'சுவாமி, காலையில் ஜபத்திற்கு அமர்ந்தால் அதன் நினைவே வருகிறது. மானிடம் மனத்தைப் பறிகொடுத்த ஜடபரதரின் நிலை எனக்கும் வந்துவிடுமோ? வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால், கைவிட்ட பாவம் சேருமோ?' என்று கேட்டார்.

சாதகர்கள் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது.

பரத மன்னரின் வரலாற்றை ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் விரிவாகக் கூறுகிறது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துவந்த அவர், வெள்ளத்தில் விழுந்த மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றினார். தாயற்ற அக்குட்டியை வளர்த்தார். நாளடைவில் பூஜை தளர்ந்தது; தியானம் மறைந்தது; மானே நினைவாயிற்று. இறக்கும் தறுவாயிலும் அதையே எண்ணியதால் மறுபிறவியில் மானாகப் பிறந்தார். இந்தக் கதையைச் சுவாமி விவேகானந்தர் தமது இரண்டாம் மேலைநாட்டுப் பயணத்தின்போது கலிஃபோர்னியாவில் எடுத்துரைத்தார்.

அதே சுவாமிஜி 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் பேலூர் மடத்திற்குத் திரும்பினார். தமது இறுதி நாட்களில் உடல்நலம் குன்றியிருந்த அவரைச் சுற்றி ஆடு, பசு, வாத்து என்று ஒரு சிறு உலகமே இருந்தது. மட்ரு என்ற ஆட்டுக்குட்டியின் கழுத்தில் மணி கட்டி, அதனோடு குழந்தைபோல் ஓடி விளையாடினார். அது இறந்தபோது வருந்தினார். அவரது அன்புக்குப் பாத்திரமான நாயின் பெயர் பாகா. வங்கமொழியில் 'பாக்' என்றால் புலி.

பாகா ஒருநாள் ஏதோ தவறு செய்துவிட்டது. அதைப் படகில் ஏற்றி, கங்கையின் அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டனர். மாலையில் பாகா தானாகவே ஒரு படகில் தாவி ஏறிக்கொண்டது. இறக்கிவிட முயன்ற ஓடக்காரரையும் பயணிகளையும் உறுமிப் பின்வாங்கச் செய்தது. இப்படியாக மடத்திற்குத் திரும்பியும் வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை இருளில் குளியலறைக்குச் சென்ற சுவாமிஜியின் காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் பாகா! அது அவர் காலடியில் சுருண்டு, முனகியபடி மன்னிப்பு வேண்டுவதுபோல் கிடந்தது. சுவாமிஜி அதைத் தட்டிக் கொடுத்தார். பின்னர் துறவிகளிடம், பாகா எது செய்தாலும் இனி ஒருபோதும் அதை வெளியே அனுப்பக் கூடாது என்று கூறிவிட்டார்.

ஜடபரதரின் கதையை உலகிற்கு எச்சரிக்கையாகச் சொன்னவரே இவ்வாறு ஒரு நாயை அணைத்துக்கொண்டார் என்றால், இரண்டுக்கும் இடையே வேறுபாடு எங்கே இருக்கிறது?

பரதர் மானைக் காப்பாற்றியது பிழையன்று. வெள்ளத்தில் தத்தளிக்கும் உயிரைக் கண்டும் காணாமல் ஜபமாலையை உருட்டுவது ஆன்மீகமாகாது. 'என் மான்' என்ற எண்ணமே அவரைப் பிணித்தது. தம் மனத்தின் வெறுமையை அதைக்கொண்டு நிரப்பினார். அதனுள் உறையும் இறைவனை மறந்தார். உயிர்களிடம் காட்ட வேண்டியது இரக்கமன்று, சிவன் என்றறிந்து செய்யும் சேவையே என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1884-இல் தட்சிணேசுவரத்தில் அருளினார். அந்தச் சொற்களைக் கேட்டுத் தம் வாழ்வின் பாதையையே கண்டவர் சுவாமிஜி. அவரிடம் பாகா பெற்றது அந்தச் சேவையின் ஒரு துளி.

மகாபாரதத்தில் தருமபுத்திரரை எண்ணிப் பாருங்கள். மகாபிரஸ்தானத்தின்போது திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழ்ந்தபோதும் அவர் திரும்பிப் பாராமல் நடந்தார். பற்றுகள் அவ்வளவு அறுந்திருந்தன. ஆயினும் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார். உயிரோடு இருந்து தம்மையே நம்பி வந்ததைக் கைவிடுதல் அறமன்று என்பதே அவர் கூறிய காரணம். பற்றற்றவர் அடைக்கலம் தந்தபின் அதை மீட்டுக்கொள்வதில்லை.

ஆகவே அந்த அன்பரிடம் இவ்வாறு கூறினோம்: 'நீங்களே வளர்க்கலாம், நல்ல இல்லம் ஒன்றைத் தேடிக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டும் சேவையே. ஆனால் ஜபத்திற்கு இடையூறு என்று எங்காவது தள்ளிவிடாதீர்கள். கொடுப்பதானால், பெறுபவர் வீட்டிற்கு நேரில் செல்லுங்கள். குடும்பத்தில் அனைவருக்கும் சம்மதமா, அதனோடு இருக்க நேரமும் பொறுமையும் உண்டா, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்களா என்று விசாரியுங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நாய் எளிதில் நம்பாது. சில நாட்கள் உண்ணாமல் மூலையில் ஒடுங்கும், சில பொருட்களைக் கடித்து வைக்கும். அப்போதும் பொறுப்பவர்களா என்று பாருங்கள். முடியாமற்போனால் உங்களிடமே திருப்பித் தரும்படிச் சொல்லுங்கள்.'

விலங்குகளை இவ்வாறு காப்பது நம் சட்டமும் ஏற்ற கடமை. உயிரினங்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று நம் அரசியலமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்டது. பசியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். எனினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட, அன்பினால் செய்வதே நம்மை உயர்த்தும்.

சில வாரங்கள் தேடிய பின், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றுவிட்ட ஒரு தம்பதியின் இல்லத்தில் அந்த நாயைச் சேர்த்தார் அன்பர். முதல் நாள் அவர் மனைவி அழுதுவிட்டாராம். மாதம் ஒருமுறை சென்று பார்க்கிறார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறது. சற்று நேரத்தில் தன் புதிய எஜமானியின் காலடிக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. 'அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இப்போது ஜபத்தில் தடுமாற்றம் இல்லை' என்றார் அவர். 'எனது' என்பது போய், அன்பு மட்டும் எஞ்சியதன் அடையாளம் அது.

சுவாமிஜி 1902, ஜூலை 4 அன்று மகாசமாதி அடைந்தார். அதன் பின்னரும் பாகா மடத்திலேயே வாழ்ந்தது. அது இறந்ததும் உடலைக் கங்கைக்கரையில் இட்டனர். கங்கையின் ஏற்றநீர் எடுத்துச் சென்ற உடல் மீண்டும் மடத்து எல்லையிலேயே வந்து ஒதுங்கியது. அதைக் கண்ட பிரம்மசாரி ஒருவர் அனுமதி பெற்று, மடத்து மண்ணிலேயே அதை அடக்கம் செய்தார். சுவாமிஜி தந்த வாக்கை மடம் பாகாவின் மறைவுக்குப் பின்னும் காத்தது.

நம் வாசலுக்கு வரும் வாயில்லா உயிர்களுக்கு அத்தகைய வாக்கை அளிக்கவும், அளித்ததைக் காக்கவும் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் நமக்கு அருள்புரிவாராக!