போதுமானது எது? சிறு நினைவகமும் தெரிவின் அறமும்

‘போதும்’ என்னும் மனநிலை தமிழ் அறநூல்களிற் பெரிதும் போற்றப்படுவது. ஆயின் எது போதும், யாருக்குப் போதும், போதுமென்று வரையறுக்கும் உரிமை யாருடையது ஆகிய மூன்று வினாக்கள் அச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்து நோக்காதவிடத்து, அறமெனத் தோன்றுவது அநீதிக்கு அரணாகிவிடலாம். நினைவகம் குறைந்த கணினியொன்றுக்குப் பணிசெயல் முறைமையின் எப்பதிப்பைத் தெரிவது என்னும் சிறு வினா, இம்மூன்றையும் ஒருங்கே எழுப்புகின்றது.

புசல்லாவைத் தோட்டக் குடும்பமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவியொருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்க. அவளிடம் இருப்பது 2 கிகாபைற் நினைவகமுடைய பழைய மடிக்கணினி. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, இறக்குமதிப் பொருளாகிய புதிய கணினி அத்தகைய குடும்பங்களுக்கு மேலும் எட்டாததாயிற்று. எனவே கணினியை மாற்றுதலன்று, கணினிக்கேற்ற பதிப்பைத் தெரிதலே அவளுக்குள்ள வழி.

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி வேண்டிய குறைந்தபட்ச நினைவகம் 64 மெகாபைற். 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 வேண்டுவது 4 கிகாபைற். இருபதாண்டுகளில் இத்தேவை 64 மடங்காகியது. மாணவர் எழுதும் கட்டுரையோ 64 மடங்கு நீளவில்லை. கணினி அறிஞர் நிக்லவுஸ் விர்த், வன்பொருள் விரைவடைவதிலும் வேகமாக மென்பொருள் மந்தமடைகின்றது என்னும் கருத்தை 1995 இலேயே ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். பலர் வேண்டாத வசதிகளின் சுமையை எல்லோரும் தாங்க நேர்வதே அவர் கண்ட குறை.

அச்சுமையின் விளைவு வெளிப்படையானது. நினைவகம் நிரம்பியதும், உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளைப் பணிசெயல் முறைமை வன்தட்டுக்கு மாற்றுகின்றது; மீண்டும் தேவைப்படுகையில் எடுத்துவருகின்றது. வன்தட்டு நினைவகத்திலும் பன்மடங்கு மெதுவானதாகையால், கணினியின் காலம் வேலையிற் கழியாது இப்போக்குவரத்திலேயே கழிகின்றது. மெல்லிய மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் எனத் திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் உணர்த்துவது இங்கு முற்றும் பொருந்தும்.

அவ்வாறாயின் மிகப் பழைய பதிப்பே சாலச் சிறந்தது எனலாமோ? அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலில், மல்லன் மைலோவுக்கு ஏற்ற உணவு பயிற்சி தொடங்குபவனுக்கு மிகையாகும் என்பார். நடுநிலை என்பது பொருளின் நடுப்புள்ளியன்று. அதனைக் கொள்வோரின் நிலைக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப அமைவது. ஆகவே எதனை இழக்கலாம், எதனை இழத்தலாகாது என்பதே உண்மையான வினா.

அழகூட்டும் அசைவுகளையும் பின்னணியில் ஓடும் தேவையற்ற செயலிகளையும் இழக்கலாம். பாதுகாப்பை இழத்தலாகாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிவுற்றன. 2017 மே மாதத்திற் பரவிய வன்னாகிரை, திருத்தம் இடப்படாத கணினிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே தொற்றியது. எனவே பாதுகாப்பற்ற பதிப்பைத் தெரிபவர் தமக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் இடரைத் தேடுகின்றார்.

மொழியையும் இழத்தலாகாது. விண்டோஸ் 98 சிறிய நினைவகத்தில் இயங்கியது; ஆனால் தமிழ் ஒருங்குறிக்கான ஆதரவு விண்டோஸ் 2000 இலேயே அமைந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். தன் மொழியை எழுத்தாக அறியாத கருவி, எத்துணை விரைவாக இயங்கினும் அம்மாணவிக்குப் போதுமானதாகாது.

பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வழங்கப்படுவதும், ஒருங்குறித் தமிழை ஏற்பதும், எளிய முகப்பினைக் கொண்டதுமான லினக்ஸ் பதிப்பொன்றே இவ்வகையில் அவளுக்கு ஏற்றது. அதற்கும் விலையுண்டு. பழகாத முறையைத் தனித்துக் கற்க வேண்டும். பிறர் அனுப்பும் ஆவணங்கள் சில வேளைகளில் உருக்குலைந்து தோன்றும். இவ்விலை முழுவதையும் அவளே செலுத்த வேண்டுமா என்பதிலேயே அறத்தின் அடுத்த படி தங்கியுள்ளது.

புசல்லாவையின் வரலாறு இதற்கு விளக்கம் தருவது. 1841 இல் அங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்திற் சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. மலையகத் தோட்டங்களில் உழைக்க வந்த குடும்பங்களுக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட லயன் அறை போதுமென்று தீர்மானித்தோர், அவ்வறைகளில் வாழ்ந்தோரல்லர். அங்கே ‘போதும்’ என்பது மனநிறைவின் சொல்லன்று. பிறர் விதித்த எல்லையின் பெயர். அச்சிற்றறையிலும் படித்து முன்னேறியோரின் திறமை போற்றத்தக்கது. ஆயின் அத்திறமை அறையின் சிறுமையை நியாயப்படுத்தமாட்டாது.

கணினிக்கும் இது பொருந்தும். சிறு நினைவகத்தைக் கொண்டு செவ்வனே பணியாற்றுதல் மாணவியின் சால்பு. அச்சால்பைக் காரணங்காட்டி, இயங்கத்தக்க கருவிகளை ஆதரவின்றிக் கைவிடும் நிறுவனங்களும், குறித்ததொரு மென்பொருளின் புதிய பதிப்பிலேயே ஆவணங்கள் அமைய வேண்டுமென எதிர்பார்க்கும் கல்விக்கூடங்களும் தம் கடமையிலிருந்து விலகவியலாது. ஒருங்குறியையும் எல்லா முறைமைகளிலும் திறக்கத்தக்க கோப்பு வடிவங்களையும் ஏற்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எளிய கருவியுடையோரை மனங்கொண்டால் அமையும்.

தனக்குப் போதும் எனத் தானே உரைப்பது நிறைவு; பிறருக்கு இது போதும் என உரைப்பதற்கு முன்னர், அவருடைய நிலையில் நின்று நோக்குதல் நீதி. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே அளவறிதலின் முழுப்பொருள்.