ரசீதில் ஒளிந்திருக்கும் எழுத்து

பணம் கட்டியதற்கு அத்தாட்சியாகக் கேட்டு வாங்கும் சிறு தாளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'பி' வரும். சொல்லும்போது அது வராது. ரிசீட் என்பதே வழக்கில் உள்ள உச்சரிப்பு: 'சீ' நெடில், அழுத்தமும் அந்த அசையில்தான், 'பி'க்கு ஒலி கிடையாது. எழுத்தை நம்பி ரெசிப்ட் என்றோ ரிசீப்ட் என்றோ சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். அப்படிச் சொன்னதும் எதிரே இருப்பவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். நேர்முகத் தேர்வு அறையாக இருந்தால் அந்தச் சிரிப்பு மதிப்பெண்ணையும் தொடக்கூடும். ஒரே ஒரு மெய்யொலியைக் கூடுதலாகச் சொன்னதற்காக ஒருவருடைய படிப்பையும் ஊரையும் வளர்ப்பையும் எடைபோடுவது முறையா? முறையல்ல என்பது என் முடிவு. அதற்கான சான்று அந்தச் சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது.

லத்தீனில் 'ரெசெப்டா' என்று இருந்தபோது அந்த ஒலி உயிரோடு இருந்தது. லத்தீன் பிரெஞ்சாக உருமாறியபோது மக்கள் வாயில் அது தேய்ந்து மறைந்தது. இங்கிலாந்துக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிரெஞ்சு வழியாகப் பெற்றபோது அதில் 'பி' ஒலிக்கவில்லை. கேட்டபடியே 'பி' இல்லாமல் எழுதியும் வந்தார்கள். பிறகு லத்தீன் கற்றவர்கள் சொல்லின் பூர்வீகம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்த எழுத்தைக் கொண்டுவந்து செருகினார்கள். இது நடந்த விதத்தில் ஓர் ஒழுங்கும் இல்லை. வஞ்சகத்தைக் குறிக்கும் டிசீட், தற்பெருமையைக் குறிக்கும் கன்சீட் ஆகிய இரண்டும் இதே குடும்பத்தில் பிறந்தவை. அவற்றின் இன்றைய எழுத்தில் 'பி' இல்லை. மூன்று உடன்பிறப்புகளில் ஒன்றின் தலையில் மட்டும் பாரம் ஏறிவிட்டது. (நம் 'ரசீது' இந்த ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று நினைப்பவர்கள் உண்டு. அது 'வந்து சேர்ந்தது' என்று பொருள்படும் பாரசீகச் சொல். உருது வழியாக நம்மிடம் வந்தது. எழுதியபடியே சொல்கிறோம்.) சமையல் குறிப்புக்கான ரெசிபியும் இதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். மருந்துச் சீட்டின் தலைப்பில் 'எடுத்துக்கொள்' என்று மருத்துவர் எழுதிய கட்டளை அது. அதில் 'பி'யும் ஒலிக்கிறது, கடைசியில் நிற்கும் 'இ'யும் ஒலிக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களில் ஒன்றை எழுதியபடி வாசிக்க வேண்டும், மற்றதை அப்படி வாசிக்கக் கூடாது என்பதை எந்த அறிவாளியும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் நிற்கும் ஊமை 'பி'யும் இப்படி லத்தீனைக் காட்டச் செருகப்பட்டதுதான். 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்றொரு பள்ளி ஆசிரியர் வருகிறார். கடன், சந்தேகம் ஆகியவற்றுக்கான சொற்களில் உள்ள அந்த எழுத்தை ஜனங்கள் ஒலிக்காமல் விடுகிறார்களே என்று அவர் பொருமுகிறார். நாடகம் பார்க்க வந்தவர்கள் அந்த ஆசிரியரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். தீவைக் குறிக்கும் ஐலண்ட் கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீனோடு அதற்கு உறவே இல்லை. பொருளில் நெருங்கிய, லத்தீன் வழி வந்த இன்னொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதில் 'எஸ்' சேர்த்துவிட்டார்கள். படித்தவர்கள் செய்த பிழை எழுத்திலக்கணமாக நிலைத்துவிட்டது. அந்த எழுத்தை நம்பி வாசிப்பவரின் பிழைக்குத்தான் கேலி கிடைக்கிறது.

இதே மாதிரி செருகிய எழுத்துகள் சில, காலப்போக்கில் ஒலி பெற்றும்விட்டன. குற்றத்தைக் குறிக்கும் ஃபால்ட் என்ற சொல்லில் முன்பு 'எல்' இல்லை; எழுத்தில் நுழைந்த பிறகும் நெடுநாள் ஒலிக்கவில்லை. 1711இல் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் அந்தச் சொல்லைச் சிந்தனையைக் குறிக்கும் தாட் என்ற சொல்லுக்கு இயைபாக வைத்திருக்கிறார். இன்று 'எல்' இல்லாமல் சொன்னால்தான் தவறு. குறையற்றது என்று பொருள்படும் பெர்ஃபெக்ட், கவிஞர் சாசர் காலத்தில் 'பார்ஃபிட்' என்று இருந்தது. நடுவில் 'க்' ஒலி வந்தது எழுத்தைப் பார்த்து வாசித்தவர்களால்தான். ஆங்கிலத்தில் குற்றத்துக்கும் குறையின்மைக்கும் உரிய இந்த இரண்டு சொற்களையும், ரெசிப்ட் என்பவர் எந்த வழியில் உச்சரிக்கிறாரோ அந்த வழியில்தான் உலகம் முழுவதும் இன்று உச்சரிக்கிறது. அவருடைய ஒரே குறை, அவருடைய சொல்லில் ஊர் இன்னும் அவர் பக்கம் வரவில்லை என்பதே.

அப்படியானால் யார் எப்படிச் சொன்னாலும் சரிதானா என்று கேட்கலாம். இல்லை. மொழி ஊரார் ஒப்புக்கொண்ட வழக்கம். இன்றைய வழக்கம் ரிசீட். தெரிந்த பிறகும் வீம்புக்காக மாற்றிச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் வழக்கத்தைக் காதால் கேட்டுத்தான் அறிய முடியும், கேட்டவுடன் அரை நிமிடத்தில் கற்றுக்கொள்ளவும் முடியும். அரை நிமிடத்தில் கிடைப்பதை அறிவின் அளவுகோலாக வைப்பது எப்படிச் சரியாகும்? அது காட்டுவதெல்லாம், அந்த மனிதர் ஆங்கிலம் புழங்கும் வீட்டில் வளர்ந்தாரா, புத்தகத்திலிருந்து கற்றாரா என்பதைத்தான். வானொலியில் சொற்களை எப்படி உச்சரிப்பது என்று முடிவு செய்ய 1926இல் பிபிசி ஒரு குழுவை அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸும் அவருக்குப் பின் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் தலைமை வகித்தார்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த அந்த மேதைகளுக்குள்ளும் கருத்து ஒத்துப்போகவில்லை. அறிவித்த சிலவற்றைப் பின்னர் மாற்றவும் வேண்டியிருந்தது.

மொழியில் துல்லியம் வேண்டாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. துல்லியம் வேண்டும், பேசுவது எதிராளிக்கு விளங்க வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கில் பார்த்தால் நம் கேலி தவறான இடத்தில் விழுகிறது. ரெசிப்ட் என்று கேட்டால் கடைக்காரர் தாளைக் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை. உண்மையில் விளக்கத்தைக் கெடுப்பது அசை அழுத்தம். தமிழில் பொருளை மாற்றும் சொல்லழுத்தம் இல்லாததால் அது நம் காதில் தங்குவதில்லை. ஆங்கிலத்தில் ஹோட்டலுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில். டெவலப், கமிட்டி ஆகியவற்றுக்கும் அப்படியே. நம்மில் பலர் முதல் அசையில் அழுத்துகிறோம். கேட்பவர் திணறுகிறார். ஊமை எழுத்தை ஒலித்தவரைப் பார்த்துச் சிரித்தவரும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கிறார், யாரும் சிரிப்பதில்லை. நம் கேலிக்குக் காரணம் துல்லியத்தின் மேலுள்ள அக்கறை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' என்றும் திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்றும் மாற்றி, அந்த வடிவங்களையே அகராதியிலும் அரசு ஏட்டிலும் ஏற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். அதற்காக அவர்கள் கூசியதாகத் தெரியவில்லை. நாமும் கூச வேண்டியதில்லை. கூச்சம் செய்யும் கேடு பெரியது. ஒரு சொல்லுக்குச் சிரித்தால் அந்த மாணவர் அந்தச் சொல்லை மட்டும் விடுவதில்லை, வாய் திறப்பதையே விட்டுவிடுகிறார். தமிழில் 'வாளப்பளம்' என்பவரை நக்கல் செய்யும்போதும் இதே தீமையைத்தான் செய்கிறோம். திருத்துவது வேறு; ஆசிரியர் திருத்தத்தான் வேண்டும், அதைத் தனியாக, அந்த எழுத்து வந்த கதையோடு சொன்னால் மாணவர் ஒருநாளும் மறக்க மாட்டார். ஆசிரியர் அல்லாத மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது உங்களிடம் ரெசிப்ட் கேட்டால், "இதோ ரிசீட்" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். அவர் காதில் விழுந்துவிடும்.