பகுதியைக் குறைக்கிற கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளிக்கூட வாசல்களில் பதாகை ஏறிவிடுகிறது. ‘கணிதத்தில் 100 சதவீதத் தேர்ச்சி. சென்டம் இத்தனை பேர்.’ அதிகாரிகள் பாராட்டுகிறார்கள், பத்திரிகைகளில் படம் வருகிறது. இந்தப் பெருமிதத்தின்மீது எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படிச்சவளுக்குக் கணக்கப் பத்தி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான் பேசப்போவது ஆறாங்கிளாஸ் கணக்குதான்.

சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதி, கீழே பகுதி. அம்பது பேர் எழுதி நாப்பது பேர் பாஸானால் 80 சதவீதம். இதை நூறாக்க ரெண்டு வழி உண்டு. மிச்சமுள்ள பத்துப் பேருக்கும் கற்றுக்கொடுத்துத் தொகுதியை அம்பதாக உயர்த்தலாம். அல்லது அந்தப் பத்துப் பேரைப் பரீட்சை ஹாலுக்கே வரவிடாமல் செய்து பகுதியை நாப்பதாகக் குறைக்கலாம். ரெண்டுக்கும் விடை ஒன்றுதான். பதாகையைப் பார்த்து எந்த வழி என்று யாரும் சொல்லிவிட முடியாது. கணிதத்தில் சமமாகிற இந்த இரண்டும் அறத்திலும் சமமாகிவிடுமா?

2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தால் எட்டாவது வரைக்கும் நம் பிள்ளைகளை நிறுத்திவைக்க முடியவில்லை. அதனால் சல்லடை ஒன்பதாம் வகுப்பில் தொங்குகிறது. எங்கள் காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே வருகிற ஒரு பையனின் அம்மாவை ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தம்மா நடவு வேலைக்குப் போகிறவர். துணைக்கு நானும் போனேன். “உங்க பையனுக்குக் கணக்கு வராதும்மா. பத்தாவதுல உக்காந்தா ஃபெயில்தான். அவமானம் உங்களுக்குத்தான். இப்பவே டி.சி. வாங்கிக்கிட்டு டுடோரியல்ல சேத்துடுங்க, தனித்தேர்வரா எழுதட்டும்.” குரலில் கோபமே இல்லை, ரொம்பப் பரிவாகச் சொன்னார்கள். அந்தம்மா கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். கொஞ்சம் பொறுங்கக்கா என்று நான் தடுத்தேன். “அவனுக்கு ஆர்வமில்லீங்க மேடம், நீங்க ஏன் செரமப்படுறீங்க” என்றார்கள் என்னிடம்.

ஆர்வமில்லை. இந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு அதிகாரம் அடங்கியிருக்கிறது பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை என்றால் அது பள்ளிக்கூடத்தின் குறை. அந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிட்டால் அது பிள்ளையின் குணமாகிவிடுகிறது, கொஞ்ச நாளில் அவன் தெருவின் குணமாகிவிடுகிறது. “அவங்களுக்குப் படிப்பு ஏறாது” என்று தாத்தன் காலத்தில் வெளிப்படையாகச் சொன்னதைத்தான் இப்போது உளவியல் மொழியில் சொல்கிறார்கள்.

அந்தப் பையனின் அம்மா தண்டல் வாங்குகிறவர். பத்தாயிரம் கடன் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐநூறு கையில் கொடுப்பான். வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்டணும். நாலாவது வாரத்தில் மொத்தமாக அடைத்தால் எவ்வளவு மிச்சம், இன்னொருத்தனிடம் வாங்கி இவனுக்கு அடைத்தால் எவ்வளவு நட்டம் என்று விரல்விட்டுக்கூட எண்ணாமல் அந்தம்மா சொல்லுவார். அந்தக் கணக்கை வைத்துத்தான் பையனுக்கு நான் வட்டிக் கணக்கே ஆரம்பித்தேன். முதல் நாள் அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. எட்டாயிரத்து ஐநூறுக்குத்தான் வட்டி போடணும், பத்தாயிரத்துக்கு இல்லை என்று தெரிந்ததும், “அப்ப அவன் சொல்ற வட்டி பொய்யாக்கா?” என்று கேட்டான். இதற்குப் பெயர் ஆர்வம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரை வைப்பது?

நம்ம ஊர்க் கதையைச் சொன்னால் ‘எதற்கெடுத்தாலும் சாதி’ என்று தள்ளிவிடுவார்கள். சாதி என்ற சொல்லே புழங்காத தேசத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ். மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. அங்குள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளிக்கு 1974இல் ஹைமே எஸ்கலான்டே என்ற கணக்கு வாத்தியார் வந்தார். பொலிவியாக்காரர். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கூட்டல் கழித்தலே அதிகம் என்று நினைத்த இடத்தில் அவர் நுண்கணிதம் ஆரம்பித்தார். கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதுகிற ‘ஏ.பி.’ தேர்வுக்கான வகுப்பு அது. முதல் தடவை ஐந்து பேர், பாஸானவர்கள் ரெண்டு பேர். அடுத்த வருடம் ஒன்பதில் ஏழு. 1981இல் பதினைந்தில் பதினாலு.

1982இல் பதினெட்டுப் பேர் பாஸானார்கள். அதில் பதினாலு பேரின் மதிப்பெண்ணைத் தேர்வு நடத்திய நிறுவனம் சந்தேகித்தது. தப்புகள் ஒரே மாதிரி இருக்கின்றனவாம். திரும்ப எழுதணும் என்றார்கள். பன்னிரண்டு பேர் ஒத்துக்கொண்டு எழுதினார்கள். பன்னிரண்டு பேருமே பாஸ். அந்தச் சந்தேகத்துக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை, விடைத்தாளைத்தான் பார்த்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். பள்ளியும் ஊரும் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் பார்ப்பது இதை: அந்தப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் தெரியும் என்பது புது வினாத்தாளில் ருசுவாகிவிட்டது. ஆனால் பிறர் ஒருமுறை காட்டினால் போதும் என்கிற திறமையை இவர்கள் ரெண்டுமுறை காட்ட வேண்டியிருந்தது. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் கத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தோற்றால் ‘நாந்தான் சொன்னேனே’ என்பது, ஜெயித்தால் ‘எப்படி ஜெயிச்சான்?’ என்பது. தோல்விக்கு யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

1988இல் இதைப் படமாக எடுத்தார்கள். படம் நல்ல படம்தான், எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் உண்டு. ஒரே ஒரு வாத்தியார் வந்து நின்று பிள்ளைகளைத் தட்டி எழுப்பினார், கொஞ்ச காலத்திலேயே நுண்கணிதம் வந்துவிட்டது என்கிற மாதிரி அதில் வருகிறது. நடந்தது அப்படியல்ல. பென் ஹிமேனஸ் என்ற சக ஆசிரியர் கூட நின்றிருக்கிறார். ஹென்றி கிராடியஸ் என்ற தலைமையாசிரியர் ஆதரவு கொடுத்திருக்கிறார். காலையில் பள்ளி தொடங்கும் முன்னாலும், சாயந்திரமும், சனிக்கிழமையும், கோடை லீவிலும் வகுப்பு. இப்படி வருடக்கணக்கில் அடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததுதான் 1987இல் எண்பத்தைந்து பேர் பாஸாகிற அளவுக்கு வளர்ந்தது. ‘கானாஸ்’ என்று ஸ்பானிஷில் சொல்லுவார் எஸ்கலான்டே. வேட்கை, வெறி என்று வைத்துக்கொள்ளலாம். அது இருந்தால் போதும் என்பாராம். இருக்கிறதா என்று வாசலில் நின்று சோதித்துக்கொண்டிருக்கவில்லை, அது உண்டாவதற்குத் தேவையான மணிநேரத்தைப் பள்ளிக்கூடம் கொடுத்தது.

எஸ்கலான்டே நம்ம ஆள் என்று கொண்டாட நான் தயாரில்லை. 1998இல் கலிஃபோர்னியாவில் இருமொழிக் கல்வியை ஒழிக்க வந்த முன்வரைவை அவர் ஆதரித்தார். தாய்மொழி பேசும் ஏழைப் பிள்ளைகளுக்கு அது என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். ஒரு வகுப்பில் அம்பதுக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்ததில் ஆசிரியர் சங்கத்தோடு தகராறு. அதில் மட்டும் எனக்குச் சங்கத்தைவிட அவர்மேல்தான் சாய்வு. பகுதியைப் பெருக்கிக்கொண்டே போன வாத்தியார் அவர். 1991இல் அவர் போய்விட்டார். சில வருடங்களிலேயே அந்தப் பள்ளியின் நுண்கணிதத் தேர்ச்சி சரிந்தது. பிள்ளைகளின் கானாஸ் திடீரென்று ஆவியாகிவிட்டதா என்ன? அதே தெரு, அதே குடும்பங்கள்.

இன்னொரு பெயரையும் சொல்லியாகணும். பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்ய அடி உதை வாங்கியவர். அதற்கு முன்னால் நியூயார்க்கில் கணக்கு வாத்தியார். 1982இல் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’டைத் தொடங்கி, 2021இல் இறக்கும் வரைக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் கிடைப்பதை வாக்குரிமைக்குச் சமமான உரிமையாகவே பேசினார். அவருக்கு அந்த நினைப்பு சும்மா வரவில்லை. மிசிசிப்பியில் ஓட்டு வேண்டுமென்றால் அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவைப் படித்து விளக்கிக் காட்டணும். படிக்கவிடாமல் வைத்திருந்ததும் அதே அரசு, படிக்கத் தெரியாது என்று ஓட்டை மறுத்ததும் அதே அரசு. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பின்னம் சொல்லித்தராமல், பின்னம் தெரியாது என்று டி.சி. கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நண்பர்கள் யோசிக்கட்டும்.

ஆசிரியர்களையெல்லாம் குற்றவாளியாக்குகிறாள் என்று சொல்வார்கள். சொந்தக் காசில் கிராஃப் நோட்டு வாங்கிக்கொடுத்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வகுப்பெடுக்கிற அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார்களை எனக்குத் தெரியும். அவர்கள் வகுப்பில் அம்பது பேர் எழுதி நாப்பத்தாறு பேர் பாஸாகிறார்கள். பதாகை வைக்கமாட்டார்கள். ஏன் 92 சதவீதம்தான் என்று ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பக்கத்துப் பள்ளி நூறு எடுத்திருக்கிறதே, உங்களுக்கு என்ன கேடு? ஒரு நேர்மையான ஆளை இப்படி நாலு வருடம் நிற்க வைத்தால் அஞ்சாவது வருடம் அவரும் பகுதியைக் குறைக்கக் கற்றுக்கொள்வார். அப்போது பழியைத் தனியாள் ஒழுக்கத்தின் தலையில் கட்டிவிட்டுக் கேடயம் கொடுத்தவர்கள் தப்பித்துவிட முடியாது.

அந்தப் பையனுக்கு டி.சி. வாங்கவில்லை. பத்தாவதில் உட்கார்ந்திருக்கிறான். முப்பத்தைந்து மார்க் எடுப்பானா என்று எனக்கே தெரியாது. ஃபெயிலானாலும் அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கிலேயே ஃபெயிலாகட்டும், துணைத்தேர்வு எழுதட்டும். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் பெயர்ப் பட்டியலில் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர் எத்தனை பேர், இடையில் டி.சி. வாங்கியவர் எத்தனை பேர், அவர்களில் பட்டியலினத்தவர் எத்தனை. நாலே எண்கள். முப்பது நாள் கெடு, இன்னும் பதினொரு நாள் பாக்கி.