மனசை அளக்க எந்த மீட்டர்?

சில மாதங்களுக்கு முன்னால் என் சித்தி மகனை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப் போனேன். சித்தப்பாவுக்கு அன்றைக்கு ஷிப்ட் மாற முடியவில்லை. சித்தியும் கூட வந்தார். தம்பிக்கு இப்போது வயது 16, படிவம் நான்கு படிக்கிறான். ஆறு வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகை, ஏ.எல்.எல். என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது. இப்போது நோய் இல்லை. வருஷா வருஷம் போய் ரத்தம், இதயம் எல்லாம் சரிபார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். (அவனும் சித்தியும் படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் இந்தக் கட்டுரையை அனுப்புகிறேன். "பேரு மட்டும் வேணாம்ண்ணே" என்றான்.)

காத்திருக்கும்போது தாதி ஒரு பாரம் கொடுத்தார். கடந்த ஒரு மாதத்தில் பயமாக இருந்ததா, சோகமாக இருந்ததா, கோபம் வந்ததா, தூங்க முடியாமல் போனதா, எனக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டாயா என்ற மாதிரிக் கேள்விகள். எல்லாம் மலாயில். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'கிட்டத்தட்ட எப்போதும்' வரைக்கும். தம்பி இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டான். எல்லாமே முதல் கட்டம். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "எம்புள்ள தைரியசாலி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வந்து சித்தியை வீட்டில் இறக்கிவிட்டு அவனை டியூஷனுக்குக் கொண்டு போனேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது சொன்னான்.

"அண்ணே, அந்த பாரத்துல நான் போட்டது பாதி பொய்."

"ஏன்டா?"

"அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்கல்ல."

நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. வோல்ட்மீட்டரை ஒரு சர்க்யூட்டில் வைத்தால், அந்த மீட்டரும் சர்க்யூட்டின் ஒரு பகுதி ஆகிவிடும். கொஞ்சம் மின்னோட்டம் மீட்டர் வழியாகப் போகும், அதனால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இதைத் தவிர்க்கத்தான் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு உள்தடை பத்து மெகாஓம் அளவுக்கு வைக்கிறார்கள். மீட்டர் அங்கே இருப்பதே சர்க்யூட்டுக்குத் தெரியக்கூடாது. அன்றைக்குத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, பாவம், உள்தடை குறைந்த மீட்டர். அவர் பேரில் தப்பில்லை. ஆனால் படித்த அளவு தப்பு.

அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டிய இரவு, அதை விடுங்கள்.

முதலில் என்னை அசத்தியது, நோயை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள் என்பதுதான். 1960-களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒருவர் பிழைத்தாலே பெரிய விஷயம். நம் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் ஏ.எல்.எல். 2003 என்ற சிகிச்சைத் திட்டத்தில், ஆறு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 80 விழுக்காடு. அதில் அவர்கள் செய்த முக்கியமான வேலை, முதல் கட்டச் சிகிச்சை முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் எத்தனை புற்று அணுக்கள் மிச்சம் இருக்கின்றன என்று பிசிஆர் முறையில் பார்ப்பது. பத்தாயிரம் அணுக்களில் ஒன்று மிச்சம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்கு மருந்தைக் குறைக்கலாம், யாருக்குக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

ரத்தத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, மனசுக்கு ஐந்து கட்டம்.

சரி, மனசை அளக்கவே முடியாது, விட்டுவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளந்ததால்தான் சில உண்மைகள் வெளியே வந்திருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களை இன்றுவரை தொடர்ந்து பார்த்து வருகிறது. அதில் மனநிலையைப் பார்க்க 18 கேள்விகள் உள்ள ஒரு பட்டியலைப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் மூளைக் கட்டி வந்தவர்கள், தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்கள் போன்ற ஒரு பகுதியினருக்குச் சிரமம் அதிகம். அளக்காமல் விட்டிருந்தால் இந்தச் சிலர் "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்ற சொல்லுக்குள் காணாமல் போயிருப்பார்கள்.

அந்த ஆய்வில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. நோய் வந்தவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? அவர்களுடைய கூடப்பிறந்தவர்களோடு. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே வசதி என்பதால் அறிவியல்படி அது நல்ல தேர்வுதான். ஆனால் தம்பியின் அக்காவை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வருஷம் ஈப்போவில் பாட்டி வீட்டில் விட்டார்கள், தமிழ்ப்பள்ளியும் மாறியது. "நீ சமத்தா இருக்கணும்" என்று எல்லாரும் சொன்னோம், அவளும் சமத்தாக இருந்தாள். அவளை அளவுகோலாக வைத்துத் தம்பியை அளந்தால், அந்த அளவுகோலே அதே வெயிலில் காய்ந்து வளைந்ததுதானே?

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. தம்பிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றியிருக்கிறார்கள், பல தடவை. இப்போது அவனிடம் "வலி எத்தனை மார்க்?" என்று கேட்டால், நான் எட்டு என்று சொல்லும் வலிக்கு அவன் இரண்டு என்பான். அவனுடைய பத்து வேறு பத்து. ஸ்ப்ராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெரிய நோயைக் கடந்து வந்தவருக்கு அளவுகோலே உள்ளுக்குள் மாறிவிடுகிறது, எது முக்கியம், எது நல்ல வாழ்க்கை என்ற கணக்கும் மாறிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. எங்கள் துறையில் சென்சாரின் பூஜ்யம் நகர்ந்துவிட்டால் அது கோளாறு, உடனே சரிசெய்வோம். மனிதனில் அது கோளாறா? ஒருவேளை அதுதான் அவன் குணமானதன் அடையாளமோ என்னவோ. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் 'சரிசெய்ய' நமக்கு உரிமை இல்லை என்று மட்டும் தோன்றுகிறது.

இன்னொரு ஆய்வு என்னைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. ஷான் ஃபிப்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, புற்றுநோய் வந்த 255 பிள்ளைகளிடம் பேசியது. "புற்றுநோயால் எப்படிப் பாதிக்கப்பட்டாய்?" என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. உன் வாழ்க்கையிலேயே ரொம்பப் பயங்கரமான சம்பவம் எது என்றுதான் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் புற்றுநோயைச் சொன்னார்கள்! மற்றவர்கள் வேறு எதையோ சொன்னார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்களும் மிகச் சிலரே, நோயே வராத பிள்ளைகளைவிட அதிகம் இல்லை. 2014-இல் வந்த முடிவு இது. நாம் கேள்வியிலேயே 'புற்றுநோய்' என்று எழுதிவிட்டால், பதிலிலும் அதுதான் வரும்.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பாரம் இல்லை, நம் கோயில்தான்.

தம்பிக்கு ஏழு வயது இருக்கும்போது, சிகிச்சை நடுவில் சில வாரம் உடம்பு தேறியிருந்த சமயம், கோயிலுக்கு அழைத்துப் போனோம். முடியெல்லாம் கொட்டியிருந்தது, முகத்தில் மாஸ்க். அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒரு அம்மா, "ஐயோ பாவம்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "என்ன பாவம் பண்ணாங்களோ" என்றார். நம் தமிழில் இரக்கத்துக்கும் அந்தச் சொல்தான், குற்றத்துக்கும் அதே சொல்தான். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு விநாடிகூட ஆகவில்லை. சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கையில் இருந்த தேங்காய்த் தட்டு ஆடியது, நான் பார்த்தேன்.

நாம் இளைஞர் முகாமில் கர்மவினை பற்றி வகுப்பு எடுக்கிறோம், நானே எடுத்திருக்கிறேன். வினைக் கொள்கை என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று என்னைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த கண்ணாடி. அதை அடுத்தவர் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்து "இதோ தெரியுது பார்" என்று சொல்ல யார் அனுமதி கொடுத்தது? எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படி அளவு எடுத்தால் ஃபெயில்தான்.

திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோயில் துடித்துக்கொண்டு அக்கா திலகவதியாரிடம் வருகிறார். சமயம் மாறிப் போன தம்பி. குத்திக்காட்ட அக்காவுக்குக் காரணம் இருந்தது. அவர் செய்தது, திருநீறு கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப் போனது. திருவதிகையில் அப்பர் பாடிய அந்த முதல் பதிகத்தைத் திருமுறை வகுப்பில் நாம் எல்லாரும் பாடியிருக்கிறோம். ராகத்தில் பாடிப் பாடி, அது என்ன சொல்கிறது என்பதையே மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அது நன்றிப் பாட்டு இல்லை. வலிக்கிறது, தாங்க முடியவில்லை என்று சிவனிடமே நேராக முறையிடுகிற பாட்டு. குடலில் எங்கே, எப்படி வலிக்கிறது என்றுகூடச் சொல்கிறார். தன் குற்றத்தைப் பற்றிப் பேசுவதும் அவரே, வேறு யாரும் இல்லை.

நாம் தம்பிக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. குணமானதும் நேர்த்திக்கடன், பத்துமலையில் பால்குடம், "கடவுள் காப்பாத்திட்டாரு, இனிமே சந்தோஷமா இருக்கணும்." எல்லாம் உண்மையான அன்பு. ஆனால் அதுவும் ஒரு பாரம்தான், பதில் ஏற்கனவே எழுதப்பட்ட பாரம். "உனக்கு உள்ளுக்குள்ள பெரிய காயம் இருக்கும், சொல்லு சொல்லு" என்று தோண்டுகிறவர்களின் பாரமும் அப்படியே. இரண்டிலும் தம்பி போட வேண்டிய டிக்கை நாமே போட்டுவிட்டோம்.

தைப்பூசம் பற்றி அவன் சொன்னது வேறு. "அன்னைக்குத்தான்ண்ணே எல்லாரும் மொட்டை. சந்தனம் பூசிட்டு நானும் நடந்தேன், யாரும் திரும்பிப் பாக்கல. எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு." எந்தப் பாரத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தம்பி 'நல்லா இருக்கேன்' என்று எழுதினால் அதை நம்ப வேண்டுமா, கூடாதா? நம்பினால், தவிக்கிற ஒருவனைக் கைவிட்டதாக ஆகலாம். நம்பாவிட்டால், அவன் வாழ்க்கையைப் பற்றி அவனைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொன்னதாக ஆகும். புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பலர் கஷ்டத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத சுபாவத்தோடு இருப்பதாக ஃபிப்ஸ் எழுதியிருக்கிறார். அது மறைப்பதா, இல்லை அதுவே அவர்கள் வாழும் வழியா என்பது வெளியிலிருந்து சொல்ல முடியாத விஷயம். என் கட்சி இதுதான்: முதலில் நம்புவோம். ஆனால் ஒரே தடவை, அம்மா பக்கத்தில் இருக்கும்போது, வேறு மொழியில் கேட்டுவிட்டு ஃபைலை மூடக்கூடாது. 'ரிசாவ்' என்றால் அவனுக்கு எஸ்.பி.எம். பரீட்சைதான் ஞாபகம் வருமாம். "மனசு சரியில்ல" என்பதைத்தான் அவன் இரவில் உணர்கிறான். அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. பத்து வருஷமாக ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தும், நான் அவனிடம் ஃபுட்பால் தவிர எதுவும் பேசியதில்லை.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்று சொல்லியிருந்தான். சொல்லவில்லை. ஆனால் அவனிடம் ஒன்று கேட்டேன்: அடுத்த தடவை டாக்டரைத் தனியாகப் பார்க்கிறாயா? யோசித்தான். ஒரு வாரம் கழித்து, "சரிண்ணே, நீங்களே அம்மாவ வெளிய வச்சுக்கிட்டா" என்று வாட்ஸ்அப் அனுப்பினான்.

போன மாதம் இதய ஸ்கேனுக்குத் தேதி இருந்தது. டாக்டர் அறைக்குள் அவன் மட்டும் போனான். சித்தியைக் கேண்டீனுக்கு அழைத்து வந்தேன், தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"உள்ள என்னப்பா தனியா பேசுறான்? ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சித்தி. பெரிய பையன் ஆயிட்டான்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 1997-இல் வந்த ஆன் கசாக்கின் ஆய்வு ஒன்றைப் படித்திருந்தேன். லுக்கேமியாவில் பிழைத்த பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அதிர்ச்சி அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது பெற்றோர்களிடம்தான், அம்மா அப்பா இரண்டு பேரிடமும். அதைச் சித்தியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "நீங்க எப்படி இருக்கீங்க சித்தி?" என்று மட்டும் கேட்டேன்.

சித்தி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சிகிச்சை நடந்தபோது காய்ச்சல் 38-ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் உடனே கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தினமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போய் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். சித்தப்பாவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது.

"யாருகிட்டயும் சொன்னதில்லப்பா. யாரும் கேக்கல."

தம்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உள்ளே என்ன பேசினாய் என்று நாங்கள் கேட்கவில்லை. சித்தியின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். ஆறிப்போன டீயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்மா," என்றான். "மூணு மணிக்கு நீங்க வர்றது. நான் தூங்குற மாதிரிதான் படுத்திருப்பேன்."